புரூக்ளின் பாலத்தைக் கட்டியது ஒற்றை விரலா?

நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. கட்டுமான விபத்தில் பாலத்தை வடிவமைத்த தந்தை இறந்தாராம். அவருக்குப் பின் தலைமைப் பொறியாளரான மகன் வாஷிங்டன் ரோப்ளிங் மூளை பாதித்து முடங்கினாராம். அசைந்த ஒரே விரலால் மனைவியின் கையில் தட்டித் தட்டியே 13 ஆண்டுகள் உத்தரவிட்டாராம். உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் விரல் கதை வெறும் கட்டுக்கதை.

தந்தை ஜான், கட்டுமானம் தொடங்கும் முன்பே, 1869இல் படகுத்துறையில் கால் நசுங்கி, டெட்டனஸ் கண்டு இறந்தார். மகன் 1857இலேயே பொறியியல் படித்து முடித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் உட்படப் பல களங்களைக் கண்ட வட மாநிலப் படை அதிகாரி; படைகளுக்காகத் தொங்குபாலங்களும் அமைத்தார்.

அவரை வீழ்த்தியது விபத்து அல்ல, காற்று. ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய ராட்சத மரப்பெட்டிகளுக்குள் ஆட்கள் அடித்தளம் தோண்டினார்கள். சட்டென மேலே ஏறினால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிடும். 1872இல் ரோப்ளிங் அதில் படுக்கையில் விழுந்தார். தாங்க முடியாத வலி, நரம்புத் தளர்ச்சி, பார்வைக் குறை. ஆனாலும் கை ஓடியது: பிழைப்போமோ என்ற அச்சத்தில் அந்தக் குளிர்காலம் முழுவதும் கட்டுமானக் குறிப்புகளை எழுதிக் குவித்தார். பின்னர் ஜன்னலருகே தொலைநோக்கியோடு அமர்ந்து பணியைக் கவனித்தார்.

மனைவி எமிலியும் விரல் தட்டலுக்கு அர்த்தம் சொன்னவர் அல்லர். பொறியியலைத் தாமே கற்று, தினமும் பணியிடம் சென்று பொறியாளர்களோடு பேசியவர். 1883 மே மாதம் பாலம் திறந்தது.

அந்த 'முடங்கிய' மனிதர் 84ஆம் வயதில் குடும்பக் கம்பிவடத் தொழிற்சாலையின் தலைமையை மீண்டும் ஏற்றார். 1926இல், 89ஆம் வயதில் மறைந்தார்.