அண்ணனை நம்பாமல் எழுதிய பத்திரம் அல்ல அது

சனிக்கிழமை விருந்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கூடத்தில்தான் இருந்தீர்கள். "கூடப் பிறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியாளை டிரஸ்டியாகப் போட்டு எழுதி வைத்திருக்கிறாளாம்" என்று ஒரு பெரியவர் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதையும், என் 9 வயது மகள் என் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். லிவிங் டிரஸ்ட் என்பது, உயிரோடிருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டில் வைத்து, அதை நடத்தும் டிரஸ்டி யார், யாருக்கு எப்போது தர வேண்டும் என்று எழுதும் பத்திரம். யாரையும் நம்பாததால் நான் அதை எழுதவில்லை. எனக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என் இடத்தில் நின்று கையெழுத்துப் போட இந்த வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இல்லை என்பதால் எழுதினேன்.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன், அண்ணன் இந்தியாவில் இருக்கிறார். டிரஸ்டின் முக்கிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி இங்கு வசிப்பவராகவோ இல்லாத ஒருவர் கைக்குப் போனால், அமெரிக்க வரிச் சட்டம் அதை வெளிநாட்டு டிரஸ்டாகக் கருதும். அதன் பிறகு வரும் படிவங்களும் அபராதங்களும் என் மகளுக்கென்று வைத்த பணத்தைத்தான் தின்னும். அதனால்தான் எனக்குப் பின் டிரஸ்டியாக, பல வருடங்களாக எனக்குத் தெரிந்த ஒரு தோழியின் பெயரை எழுதினேன். மகளை வளர்க்கும் கார்டியனாக, இதே மாநிலத்தில் இருக்கும் சித்தி மகளை உயிலில் குறிப்பிட்டேன். வளர்ப்பவர் ஒருவர், பணத்தைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர் என்று பிரித்து வைத்தால் ஒருவருடைய செலவுக் கணக்கை மற்றவர் பார்ப்பார். இதில் அண்ணனுக்கு என்ன அவமானம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"உயில் போதாதா?" என்பது நியாயமான கேள்வி, அதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். உயில் நாம் இறந்த பிறகுதான் பேசும். பக்கவாதம் வந்து ஆறு மாதம் நினைவில்லாமல் கிடந்தால் உயிலால் ஒரு மாத வீட்டுக் கடன் தவணையைக்கூடக் கட்ட முடியாது. டிரஸ்டில் இருக்கும் சொத்தை அடுத்த டிரஸ்டி அப்போதே கையில் எடுத்து நடத்தலாம். இறந்த பிறகும் உயில் பெரும்பாலும் புரோபேட் நீதிமன்றத்தின் (உயிலைச் சரிபார்த்துச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதை மேற்பார்வையிடும் நீதிமன்றம்) வழியாகத்தான் போக வேண்டும். கலிபோர்னியாவில் 10 லட்சம் டாலர் சொத்துக்கு வழக்கறிஞருக்கான சட்டப்பூர்வக் கட்டணம் 23,000 டாலர், உயிலை நிறைவேற்றும் நிர்வாகியும் அதே அளவு கேட்கலாம். வீட்டுக் கடனைக் கழிக்காமல் முழு மதிப்பின் மீது அது கணக்கிடப்படுகிறது. ஆகவே இது பணக்காரர்களின் விஷயம் என்று சொன்னவர்கள், தங்கள் வீட்டின் இன்றைய மதிப்பை ஒரு முறை பார்க்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், மனைவியை இழந்து மகனைத் தனியாக வளர்த்தவர், ஆயுள் காப்பீட்டில் 11 வயது மகனின் பெயரை நேரடியாக எழுதியிருந்தார். பாசத்தோடுதான் எழுதினார். அவர் போன பிறகு சிறுவனின் கையில் பணத்தைத் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் தன்னை நியமிப்பதற்காக, ஆங்கிலம் சரளமாக வராத சிறுவனின் பாட்டி மாதக்கணக்கில் அலைந்தார். அவனுக்கு 18 வயது ஆகும் நாளில் முழுத் தொகையும் அவன் கையில் வந்து சேரும், அவன் அதற்குத் தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும். என் டிரஸ்டில் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் தரலாம், மீதியை 25 வயதில் பாதியும் 30 வயதில் பாதியுமாகத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பாட்டி நீதிமன்ற வராந்தாவில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகும் எழுதாமல் இருந்தால்தான் நான் என் மகளுக்குத் துரோகம் செய்தவள்.

டிரஸ்ட் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதனால் வரி குறையாது, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பும் கிடையாது. நான் இல்லாவிட்டால் மகளை வளர்க்கும் உரிமை பெரும்பாலும் அவளுடைய தந்தைக்குத்தான் போகும், கார்டியன் விஷயத்தில் கடைசி வார்த்தை நீதிமன்றத்தினுடையது. இவை தெரிந்துதான் எழுதினேன். ஆனால் பணம் யார் கையில் இருக்கும் என்பதை நான் முடிவு செய்யலாம், உயிரோடிருக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கையெழுத்தோடு வேலை முடிவதும் இல்லை. வீட்டுப் பத்திரத்தை டிரஸ்டியின் பெயரில் மாற்றிக் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவு செய்தேன் (குடியிருக்கும் வீட்டை இப்படி மாற்றுவதற்காக வங்கி முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்க முடியாது, 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது), வங்கிக் கணக்குகளையும் மாற்றினேன். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை மட்டும் தொடவில்லை, அதை மாற்றினால் முழுப் பணத்தையும் எடுத்ததாகக் கருதி வரி விதிப்பார்கள். சொத்தை மாற்றி எழுதாத டிரஸ்ட் வெறும் காகிதம், தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

"உயிரோடிருக்கும்போதே சாவைப் பற்றி எழுதுவது அபசகுனம்" என்றும் அன்று ஒருவர் சொன்னார். விவாகரத்தாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. ஒரு முறை காய்ச்சலில் நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது மகள்தான் நாற்காலி போட்டு ஏறி மருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் இல்லாவிட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இந்த ஆறு வருடத்தில் அந்தக் கூடத்தில் இருந்த யாரும் கேட்டதில்லை. நான் அதற்கு விடை எழுதிய பிறகுதான் எல்லோருக்கும் கருத்து வந்தது.

என் அண்ணன் புண்பட்டிருப்பார் என்று அவர் சார்பில் வருந்தியவர்கள் அவரையே தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கையெழுத்திடுவதற்கு முன் வரைவை அவருக்குத்தான் முதலில் அனுப்பினேன். இரண்டு இரவு விழித்து எல்லாப் பக்கத்தையும் படித்தார், புரியாத இடங்களில் கூப்பிட்டுக் கேட்டார். 14-ஆம் பக்கத்தில் என் மகளின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. வழக்கறிஞரும் நானும் பார்க்காத அந்தப் பிழையைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பியவர் அவர்தான்.