குளிர் கொஞ்சம் இறங்கட்டும்

போன வாரம் நண்பன் இரண்டு பாட்டில் பாக் பியர், அதாவது கொஞ்சம் வீரியமான ஜெர்மன் வகை, கொண்டுவந்து கொடுத்தான். ஏதோ சின்ன ப்ரூவரியில் தயாரித்தது. லேபிளில் கொம்பை முறுக்கிக்கொண்டு ஒரு கிடா. ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்ததை எடுத்த கையோடு திறந்து, ஆளுக்குப் பாதியாக ஊற்றிப் பெரிய மடக்காக ஒன்று குடித்தோம். ஜில்லென்று இருந்தது, லேசாகத் தித்தித்தது, அவ்வளவுதான். "என்னடா இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்றான், அதுவும் வாங்கி வந்தவனே.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு போன். பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகிவிட்டது. நண்பன் தன் பங்கை முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தான். என் கிளாஸ் மட்டும் மேசையில் அப்படியே இருந்தது. நுரை அடங்கி, வெளிப்பக்கம் வேர்த்திருந்த நீர் வழிந்து, அடியில் வட்டமாகத் தேங்கியிருந்தது. கொட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது.

அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மேலோடு, அந்த வாசனைதான் முதலில். அதற்குப் பின்னால் கேரமல், இன்னும் பின்னால் உலர்ந்த திராட்சை. ஒரு வாய் எடுத்தேன். தித்திப்பில் தொடங்கியது, ஆனால் தித்திப்பில் முடியவில்லை. விழுங்கியதும் நாக்கு சுத்தமாகிவிட்டது, தொண்டையில் மட்டும் மெல்லிய கதகதப்பு. அரை மணி நேரத்துக்கு முன் குடித்த அதே பியரா இது என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்.

தப்பு பியரில் இல்லை, என்மேல்தான். அதிகக் குளிரில் வாசனை மேலே எழும்பாது, நாக்கும் பாதி மரத்துப்போகும். சாதாரணமாகக் கிடைக்கும் வெளிர் நிற லாகர் பியரை அப்படிக் குடித்தால் பெரிய நஷ்டம் இல்லை. பாக் பியரோ முழுக்க முழுக்க மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் வேலை. அதற்கு 8 முதல் 12 டிகிரி வரையாவது வேண்டும். சாதாரண ஃப்ரிட்ஜ் 4 டிகிரி பக்கம் நிற்கும். கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரிகிறதல்லவா?

அந்தக் கிடாவுக்கும் ஒரு கதை உண்டு. வட ஜெர்மனியில் ஐன்பெக் என்று ஒரு ஊர். இடைக்காலத்திலேயே அங்கிருந்து பியர் தூர தேசமெல்லாம் போனது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்காரர்கள் அந்த ஊர் ஆளையே கூட்டிவந்து தங்கள் ஊரில் செய்ய வைத்தார்கள். ஐன்பெக் என்ற பெயர் மியூனிக் இருக்கும் பவேரியாக்காரர் வாயில் புகுந்து 'ஐன் பொக்' ஆனது. அதற்கு அவர்கள் மொழியில் 'ஒரு கிடா' என்று பொருள். பெயர் திரிந்ததில் லேபிளுக்கு ஒரு படம் கிடைத்தது! பிறகு அதே மியூனிக்கில் பவுலானர் என்ற கிறிஸ்தவத் துறவிகள் இன்னும் கெட்டியாகச் செய்ததுதான் டாப்பல்பாக். தவக்கால நோன்பில் திட உணவு கூடாது, திரவம் கூடும். வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுடைய பியருக்கு சால்வேட்டர் என்று பெயர். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆப்டிமேட்டர், செலிப்ரேட்டர் என்று வால் ஒட்டிக்கொண்டார்கள்.

கறுப்பாக இருப்பதால் கசக்கும், தலைக்கு ஏறும் என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. நிறம் மால்ட்டை எந்தச் சூட்டில் உலர்த்தினார்கள் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். மைபாக் என்று பொன்னிறத்தில் ஒன்று இருக்கிறது, வீரியத்தில் கறுப்புத் தம்பிக்குச் சளைத்ததல்ல. தலைக்கு ஏறுவதைத் தீர்மானிப்பது சத்து, அதாவது மால்ட்டிலிருந்து சாற்றில் கரையும், பெரும்பாலும் சர்க்கரை; அதுதான் புளித்து ஆல்கஹால் ஆகும். ஜெர்மனியில் பாக் என்று பெயர் வைக்க, புளிப்பதற்கு முன் சாற்றில் குறைந்தது 16 சதவீதம் கரைந்த சத்து இருக்க வேண்டும், டாப்பல்பாக் என்றால் 18. சாதாரண லாகரில் இது 11, 12தான். அதனால் ஆல்கஹால் அளவும் 6, 7 சதவீதத்துக்குப் போய்விடும். ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இன்னொரு கட்டுக்கதை, வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் கழுவும்போது அடியில் தங்கும் வண்டல்தான் பாக் என்பது. அந்த வண்டலை ஒரு தடவை முகர்ந்து பார்த்தவர் இதைச் சொல்ல மாட்டார்.

சரி, இவ்வளவு நல்ல சரக்கை சின்ன அளவில் பியர் செய்யும் கிராஃப்ட் ஆட்கள் ஏன் அதிகம் செய்வதில்லை? என் கணிப்பில், தொட்டி வாடகைதான் காரணம். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ தூக்கலான ஏல், அதாவது சற்று வெதுவெதுப்பில் சீக்கிரம் புளிக்கும் பியர், இரண்டு மூன்று வாரத்தில் தயாராகி வெளியே போய்விடும். பாக் என்பது லாகர் வகை. குறைந்த வெப்பநிலையில் நிதானமாகப் புளித்து, அப்புறம் உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். அத்தனை நாளும் அந்தத் தொட்டியில் வேறு எதுவும் ஊற்ற முடியாது. மறைக்கவும் இடமில்லை. ஏலில் ஏதாவது பிசகினால் ஒரு கூடை ஹாப்ஸைக் கொட்டிச் சமாளிக்கலாம், இதில் ஹாப்ஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

சில மாதங்களுக்கு முன் வேறொரு சின்ன ப்ரூவரியின் பாக்கைத் திறந்தேன். குப்பென்று வெண்ணெய் வாசனை, சினிமா தியேட்டர் பாப்கார்ன் மாதிரி. அதற்கு டையசிட்டைல் என்று பெயர். ஈஸ்ட் வேலை செய்யும்போது இயல்பாகவே வருவதுதான். கடைசிக் கட்டத்தில் சூட்டைச் சில டிகிரி ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால், ஈஸ்ட்டே அதைத் திரும்பத் தின்றுவிடும். அந்த இரண்டு மூன்று நாளுக்குக்கூடப் பொறுமை இல்லை போல. லேபிள் மட்டும் பிரமாதம். வருத்தமாக இருந்தது, கொட்டிவிட்டேன்.

இரண்டாவது பாட்டிலை நேற்று ராத்திரி திறந்தோம். இந்தத் தடவை நாற்பது நிமிஷம் முன்னாடியே வெளியே எடுத்து வைத்துவிட்டேன். நண்பன் "சூடாயிடும்டா, ஐஸாவது போடு" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறக்கவில்லை நான். ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்தான், குடித்தான், கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்து அந்தச் செம்பழுப்பைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் காலிக் கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான்:

"இருமல் வர்ற மாதிரி இருக்கு. மிச்சத்தை ஊத்து."