இடுப்பு மூட்டு டயர் இல்லை

அந்த டயர் வீடியோவை நேற்று காலையிலிருந்து 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: இடுப்பு மூட்டு டயர் மாதிரி, நடக்க நடக்கத் தேயும், அதனால் நடையைக் குறையுங்கள் என்கிறார் ஒருவர். பத்து பேரைச் சும்மா விட்டுவிட்டேன். பதினோராவது ஆள் எனக்கு அண்ணன் முறை. வீடியோவில் என் பெயரை டேக் செய்து, "நடை நடைன்னு அலையறவங்க கவனத்துக்கு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. அதற்கு 43 பேர் சிரித்திருக்கிறார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

சரி, சிரியுங்கள். ஆனால் மூட்டு டயர் இல்லை.

டயர் ரப்பர். உயிர் கிடையாது, ஓடினால் தேயும், ஓடாமல் வைத்தால் அப்படியே இருக்கும். மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்கு ரத்தக்குழாயே கிடையாது. பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. கால் ஊன்றும்போது அழுந்தும், எடுக்கும்போது விடும். இந்த அழுத்தி விடும் வேலை நடந்தால்தான் சத்து ஒழுங்காக உள்ளே போகும், கழிவு வெளியே வரும். அதாவது நீங்கள் "தேய்மானம்" என்று சொல்கிற அதே நடைதான் அதற்குச் சோறு. எந்த டயருக்காவது ஓடினால் பசி ஆறுமா?

நடுவில் ஒன்று. நம் மொழியில் "இடுப்பு வலி" என்றால் எதுவாகவும் இருக்கலாம். முதுகின் அடிப்பகுதி வலித்தாலும் இடுப்பு வலி, பிரசவ வலியும் இடுப்பு வலி. அதனால் அந்த வீடியோவின் கீழே ஆளாளுக்கு ஒரு வலியை வைத்துக்கொண்டு "எனக்கும் எனக்கும்" என்கிறார்கள். இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் உருண்டைத் தலை குழிக்குள் உட்காரும் இடம். அதில் கோளாறு என்றால் பெரும்பாலும் தொடை இடுக்கில் வலிக்கும், சிலருக்கு முழங்காலில் போய் வலிக்கும். பக்கவாட்டில், கை வைத்தால் தட்டுப்படும் அந்த எலும்பு மேட்டில் வலித்தால் அது பெரும்பாலும் மூட்டே இல்லை, பிட்டத் தசைகள் வந்து ஒட்டும் தசைநாண். எனக்கு வந்தது அதுதான். 40 முதல் 60 வயதுப் பெண்களுக்கு அதிகம் வருவது. பெயர்கூடத் தெரியாமல் ஒரு வருடம் அதோடு குடும்பம் நடத்தினேன்.

இரவு இரண்டு மணிக்கு, ஒருக்களித்துப் படுத்த பக்கம் சூட்டுக்கோல் வைத்த மாதிரி எரியும். அந்தப் பக்கம் வேண்டாமென்று திரும்பிப் படுத்தால், மேலே இருக்கும் கால் சரிந்து விழுந்து இழுத்து, அதுவும் எரியும். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். வலிக்கிறவளிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் உண்டா, தெரியவில்லை. அடுத்து ஒருவர் அதே எக்ஸ்ரேயைப் பார்த்து "லேசாகத் தேய்மானம், நடையைக் குறையுங்க" என்றார். குறைத்தேன். நான்கு மாதம். வலி கூடியது.

அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெண் எக்ஸ்ரேயைக் கையில்கூட வாங்கவில்லை. கண்ணாடி முன்னால் நிறுத்தி, "ஒரு காலில் நில்லுங்க அக்கா" என்றாள். நின்றேன். பத்து விநாடிக்குள், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு, தராசுத் தட்டு சாய்கிற மாதிரி, கீழே இறங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். 1895-இலேயே டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் எழுதி வைத்த அடையாளம் இது. ஊன்றிய காலின் பக்கவாட்டுப் பிட்டத் தசைக்கு இடுப்பெலும்பை மட்டமாகப் பிடித்துவைக்கும் தெம்பு இல்லை என்று அர்த்தம். நான்கு மாத "ஓய்வு" கொடுத்த பரிசு.

அந்தத் தசை சும்மா வேலை செய்வதில்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பின் பாரம் மூட்டுக்கு உள்பக்கம் விழுகிறது. அதைச் சாயவிடாமல் வெளிப்பக்கமிருந்து அது இழுக்க வேண்டும், அதுவும் குட்டையான நெம்புகோலை வைத்துக்கொண்டு. பாரத்தோடு அந்த இழுவையும் மூட்டின் மேலேயே விழும். செயற்கை மூட்டுக்குள் அளவுக்கருவி வைத்தே பார்த்திருக்கிறார்கள். சாதாரண நடையிலேயே உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 60 கிலோ ஆளுக்கு அடிக்கு அடி 150 கிலோ. "பார்த்தீங்களா, அதான் தேயுது" என்று டயர்க்காரர் குதிப்பார். குதிக்கட்டும். அந்த 150 கிலோவைத் தாங்கவென்றே உருவானது அந்த மூட்டு. அதைத் தாங்கித் தாங்கித்தான் எலும்பும் தசையும் வலுவாக இருக்கின்றன. தாங்க எதுவும் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள், என்ன ஆகிறது என்று.

இப்போது கமெண்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க டாக்டரா?" இல்லை. டயர்க்காரரும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"ஓடுறவங்களுக்கு மூட்டு போயிடுதே?" 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது. இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்மான நோய், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டிக்கு ஓடுபவர்களுக்கு 13.3. ஆக, அளவுக்கு மீறினால் வம்புதான், ஒப்புக்கொள்கிறேன். வருடக்கணக்கில் பாரம் தூக்கி உழைக்கிறவர்களுக்கும் இடுப்பு மூட்டு நோய் அதிகம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். தெருவைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கிற என்னை எதற்கு அந்த வரிசையில் நிறுத்துகிறீர்கள்?

"நீங்க உட்காரும் விதம், நிற்கும் விதம் தப்பு, அதான் வலி." இதைச் சொன்னவர் ஒரு தோழி. இன்பாக்ஸில், அக்கறையோடு. இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்லணும், ஏனென்றால் இதில் பாதி உண்மை. கால்மேல் கால் போட்டு உட்காரும்போதும், ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பை வெளியே தள்ளி நிற்கும்போதும் தொடை உள்பக்கம் சாய்ந்து, அந்தத் தசைநாண் எலும்பு மேட்டின் மேல் அழுந்துகிறது. ஏற்கெனவே புண்பட்ட தசைநாணுக்கு அது ஆகாது. எனக்கும் அதைச் சில வாரங்களுக்கு நிறுத்தச் சொன்னார்கள், படுக்கும்போது கால்களுக்கு இடையில் தலையணை வைக்கச் சொன்னார்கள். வைத்த முதல் இரவே ஐந்து மணி நேரம் தூங்கினேன். ஆனால் புண்பட்டபோது ஆகாத ஒன்று பாவம் ஆகிவிடாது தோழி. உலகத்தில் பாதிப் பேர் கால்மேல் கால் போட்டுத்தான் உட்காருகிறார்கள், வலியில்லாமல். "தப்பான அசைவு" என்று தனியாக ஒன்று கிடையாது. தாங்கும் அளவைத் தாண்டிய அசைவு உண்டு, நாள் முழுக்க மாற்றாமல் வைத்திருக்கும் ஒரே நிலை உண்டு. இல்லாத குற்றத்தை என் தலையில் கட்டாதீர்கள்.

"ஊசி போட்டா சரியாயிடுமே?" ஆஸ்திரேலியாவில் இதே பக்கவாட்டு வலி இருந்த 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில், விளக்கமும் பயிற்சியும் கிடைத்தவர்களில் 77 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58. சும்மா காத்திருந்தவர்களில் 29. சும்மா இருந்தவர்கள்தான் கடைசி. டயர்க்காரருக்கு இதை யாராவது டேக் செய்யுங்கள்.

"எக்ஸ்ரேல தெளிவா தெரியுதே, தேஞ்சிருக்குன்னு?" அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் பார்த்தார்கள், 2015-இல் வந்தது. அடிக்கடி வலிக்கிற இடுப்புகளில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவை 16 சதவீதம்தான். திருப்பிப் பார்த்தால், தேய்மானம் தெரிந்த இடுப்புகளில் அடிக்கடி வலித்தவை 21 சதவீதம்தான். படம் வேறு, வலி வேறு. விழுந்து எழ முடியவில்லை, காய்ச்சலோடு வலிக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், என் பதிவைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். முற்றிப்போன மூட்டை மாற்றத்தான் வேண்டும், 1962-லிருந்து நன்றாகவே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது டயரை மட்டும்.

ஏன் இவ்வளவு கோபம் என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு வந்தது நிஜமான மூட்டுத் தேய்மானம். தொடை இடுக்கில் வலி, செருப்பு மாட்டக் குனிய முடியாது. "தேய்ஞ்சிடுச்சும்மா, படி ஏறாதீங்க" என்றார் பார்த்தவர். பயிற்சி என்ற வார்த்தையே அந்த அறையில் வரவில்லை. முதல் வருடம் மாடி போனது. அடுத்த வருடம் வாசல். அதற்கடுத்து, நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் அவ்வளவு பாசமாக இருந்தோம். தண்ணீர் கையில், மாத்திரை கையில், எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே. கைத்தடி வாங்கிக் கொடுத்தோம், அதையும் வலிக்கிற பக்கமே பிடிக்க வைத்தோம். எதிர்க் கையில் பிடித்தால்தான் மூட்டின் பாரம் குறையும் என்று சொல்லக்கூட ஆளில்லை. ஐந்தாம் வருடம் குளிக்க வைக்கும்போது பார்த்தேன், அம்மாவின் தொடை என் கை அளவுக்கு இருந்தது.

ஒருநாள் அம்மா கேட்டாள், "ஒரே ஒரு தடவ மாடிக்குப் போயிட்டு வரட்டாடி?" நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன், "எதுக்கும்மா, இருக்கிறதும் தேஞ்சிடும்."

அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் முதலில் சொன்னது டயர்க்காரர் இல்லை.

அண்ணா, டேகை எடுத்துவிட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை, கொஞ்சம் இருக்கிறது, போய்விடும். போன மாதம் நீங்கள் படி இறங்கும்போது இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி இறங்கினீர்கள். முழங்கால் என்றீர்கள். முழங்காலை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள், இடுப்பையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பிசியோ பெண்ணின் நம்பரை அனுப்பியிருக்கிறேன்.