நாற்பது நொடியும் ஒரு நாற்காலியும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசியதிலிருந்து நாற்பது நொடியை மட்டும் வெட்டியெடுத்துச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே விவாதித்த சிறுகதையை நான் மோசம் என்று சொன்னதாக அதைப் பார்த்தவர்கள் கோபப்படுகிறார்கள். மோசம் என்று நான் சொல்லவில்லை. அதன் கடைசி வரி தேய்வழக்கு, பலர் எழுதி எழுதித் தேய்ந்துபோன ஒன்று என்றேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். அப்பா இறந்துவிடுகிறார், திண்ணையில் அவருடைய நாற்காலி காற்றில் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. கதையில் வருபவரோ ஆயுள் முழுக்கச் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்கு ஆடும் நாற்காலி எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்து வந்தது.

"தேய்ந்தால் என்ன, எல்லோருக்கும் புரிகிறதே" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சிக்கலே அதுதான். நாற்காலி ஆடியதுமே 'சரி, சோகம்' என்று புரிந்துகொண்டு வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். செத்துப்போன மனிதரை அவர் பார்ப்பதே இல்லை.

சங்கப் புலவர்களும் மலை என்றால் கூடல், கடற்கரை என்றால் இரங்கல் என்று ஒன்றையே திருப்பித் திருப்பிப் பாடியவர்கள்தானே என்கிறார் இன்னொருவர். நல்ல கேள்வி. ஆனால் இன்ன நிலத்துக்கு இன்ன உணர்வு என்ற அந்தத் திணை மரபு அவர்களுக்குக் கொடுத்தது களத்தை மட்டும்தான். அந்தக் களத்தில் நின்று எதைப் பார்ப்பது என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. குறுந்தொகையின் 41ஆம் பாட்டில், தலைவன் பிரிந்த நாளில் தன் நிலை எப்படி இருக்கிறது என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள்: ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் பயமின்றி ஆடுமே, அந்த வீட்டைப் போல. அதை எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தத் தொடரையே பெயராக்கி அணிலாடு முன்றிலார் என்கிறோம். குப்பைக் கோழியாரும் செம்புலப்பெயல்நீராரும் அப்படி வந்தவர்கள்தான். (செம்புலப் பெயல் நீரைத் திருமண அழைப்பிதழில் அச்சடித்து அச்சடித்தே தேய்த்துவிட்டோம் என்பது தனிக்கதை.) நாற்காலியை ஆடவிட்டவர்களுக்கும் இப்படிப் பெயர் வைப்போம் என்றால், ஊருக்கு இருநூறு பேர் ஒரே பெயரில் இருப்பார்கள்.

மேட்டிமைத்தனம், விமர்சகத் திமிர் என்றெல்லாம் எழுதியவர்களுக்குப் பதில் இல்லை. ஒரு பின்னூட்டம் மட்டும் உறுத்துகிறது: "அப்பாவைப் பறிகொடுத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்."

அப்படியா?

என் அப்பா போன அன்று அஞ்சலிப் பேனர் அடிக்கக் கடைக்குப் போனவன் நான்தான். கடைப் பையன் முந்தின நாள் இறந்த யாரோ ஒருவருக்குச் செய்ததைக் கணினியில் திறந்தான். பெயரை அழித்தான், படத்தையும் தேதியையும் மாற்றினான். 'ஈடுசெய்ய இயலாத இழப்பு' இருந்த இடத்திலேயே இருந்தது. "வேற ஏதாச்சும் மாத்தணுமாண்ணே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அன்றைக்கு என்னிடமும் வேறு சொல் இல்லை. ஆகவே துக்க வீட்டில் தேய்ந்த சொல்லைப் பேசுகிறவர்களை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. துக்கப்படுகிறவருக்கு அவகாசம் இல்லை. ஆறு மாதம் உட்கார்ந்து கதை எழுதுகிறவருக்கு இருக்கிறது. இவ்வளவுதான் என் கட்சி.

பதினாறாம் நாள் அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் சைக்கிளுக்கு மணியே கிடையாது தம்பி, முன்னாடி ஆள் போனா தொண்டையத்தான் கனைப்பான்" என்றார். அந்தக் கனைப்பு எனக்குக் கேட்டது. பேனரில் இருந்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சூளைக்காரருக்கும் அப்படி ஒன்று அந்தக் கதையிலேயே இருக்கிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவர் உள்ளங்கை வெடிப்புகளில் செம்மண் போகாமல் நிற்பதும், சோற்றைப் பிசையும்போது அவர் அந்தக் கையை மகனுக்குத் தெரியாமல் திருப்பிக்கொள்வதும் மூன்றாம் பக்கத்தில் வருகின்றன. அதைப் படித்துக்காட்டி, கதை அங்கேயே முடிந்திருக்கலாம் என்று கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினேன். வெட்டியவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.