அடுத்தவர் பதவிக்காலத்தில் நிறைவேற வேண்டிய வாக்குறுதிகள்

பெருநிறுவனத் தலைவர்களும் மாநகர மேயர்களும் ஒரே மேடையில் அமர்ந்து உலகத்தின் பெரிய சிக்கல்களைப் பற்றிப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. காலநிலை மாற்றம், தொற்றுநோய், காடழிப்பு, தொழிலாளர் பாதுகாப்பு என எதை எடுத்தாலும், அரசுகளால் மட்டும் இவற்றைத் தீர்க்க முடியாது, தொழில்துறையும் நகர நிர்வாகங்களும் தோள் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் இவ்வாறு தொடங்கப்பட்ட முயற்சிகளில் எவை பலன் தந்தன, எவை அறிவிப்போடு நின்றன என்று தேடிப் படித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வேறுபாடு தலைவர்களின் நல்லெண்ணத்தில் இல்லை. சொன்னதைச் செய்யாவிட்டால் கணக்குக் கேட்கும் உரிமை வெளியாள் ஒருவருக்கு இருந்ததா, அந்தக் கணக்கு அவர்கள் பதவியில் இருக்கும்போதே கேட்கப்பட்டதா என்ற இரண்டில்தான் இருக்கிறது.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்து மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் மார்க் கார்னி முன்னின்று திரட்டிய நிதி நிறுவனக் கூட்டணியில் 450க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன; அவற்றின் கையில் இருந்த சொத்து 130 இலட்சம் கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்டது. 2050க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வை, அதாவது வெளியிடும் அளவு கரியமில வாயுவை அகற்றியும்விடும் நிலையை, எட்டும் வகையில் அந்தப் பணத்தை வழிநடத்துவோம் என்பது அவர்களின் உறுதிமொழி. அந்தக் குடையின் கீழ் இருந்த வங்கிகளின் கூட்டணியிலிருந்து, அமெரிக்காவில் அரசியல் எதிர்ப்பும் வழக்கு மிரட்டல்களும் வலுத்தபோது, அந்நாட்டின் மிகப் பெரிய ஆறு வங்கிகளும் 2024 டிசம்பருக்கும் 2025 ஜனவரிக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. 2025 அக்டோபரில் அந்த வங்கிக் கூட்டணி தன் செயல்பாட்டையே நிறுத்திக்கொண்டது. வெளியேறிய எந்த வங்கியும் அபராதம் செலுத்தவில்லை, எந்த நடுவர் முன்பும் விளக்கம் தரவில்லை. தர வேண்டிய கடமையும் ஒப்பந்தத்தில் இல்லை.

எண்ணெய் நிறுவனமான பிபியின் கதையும் இதே போக்கில் சென்றது. 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்போம் என்று 2020 ஆகஸ்டில் அறிவித்தது. 2023 பிப்ரவரியில் அந்த இலக்கு 25 விழுக்காடாகச் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, எண்ணெய், எரிவாயு முதலீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. முதல் இலக்கை அறிவித்த தலைமைச் செயல் அதிகாரி அதற்குள் பதவியை விட்டுப் போயிருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பங்குதாரர்கள் காலாண்டுக்கு ஒரு முறை கணக்குக் கேட்கிறார்கள், பூமியோ பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கேட்கிறது. முதலில் கேட்பவருக்கே பதில் கிடைக்கிறது. 2020க்குள் தம் கொள்முதலால் நிகரக் காடழிப்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்வோம் என்று 2010இல் உறுதி கூறிய நுகர்பொருள் நிறுவனங்களும் அந்த ஆண்டைத் தாண்டிச் சென்றன, இலக்கை எட்டவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கருத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் உருவானது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகிலுள்ள சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரும்படி வற்புறுத்தப்பட்டார்கள். ஒரே கட்டடத்தில், ஒரே விரிசலைப் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்று சிலருக்கும் உள்ளே வா என்று சிலருக்கும் சொல்லப்பட்டதை எத்தனை முறை படித்தாலும் என்னால் அமைதியாகக் கடந்து போக முடிவதில்லை.

மேற்கத்திய ஆடை நிறுவனங்கள் அதற்கு முன்பும் பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஒவ்வொன்றிடமும் நடத்தை விதிகள் இருந்தன, தணிக்கையாளர்கள் இருந்தார்கள், சான்றிதழ்கள் இருந்தன. 2012 செப்டம்பரில் கராச்சியில் 250க்கும் மேற்பட்டோர் வெந்து மடிந்த அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு, தீவிபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசச் சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டிருந்தது. இத்தகைய தணிக்கைகளுக்கு ஆலை முதலாளியோ ஆடை நிறுவனமோ பணம் கொடுத்தது, அறிக்கை அவர்களிடமே போனது, தொழிலாளிக்கு அதைப் பார்க்கும் வழி இருக்கவில்லை.

ராணா பிளாசா இடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் கையெழுத்தான ஒப்பந்தம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. ஆடை நிறுவனங்கள் ஒரு பக்கமும், இன்டஸ்ட்ரிஆல், யூஎன்ஐ ஆகிய உலகளாவிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் வங்காளதேசத் தொழிற்சங்கங்களும் மறுபக்கமும் நின்று, ஐந்தாண்டுக் காலத்துக்குச் சட்டப்படி தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். நாளடைவில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. 1,600க்கும் மேற்பட்ட ஆலைகள் ஆய்வுக்குள் வந்தன. ஆய்வு செய்தவர்கள் ஆலை முதலாளிக்குக் கட்டுப்படாத பொறியாளர்கள். அவர்களுடைய அறிக்கைகள் பொதுவில் வெளியிடப்பட்டன. குறைகளைச் சரிசெய்யாத ஆலையிடமிருந்து வாங்குவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். அதேவேளையில் சரிசெய்வதற்கான பணம் ஆலைக்குக் கிடைக்கும்படியும் அவை பார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. நிறுவனம் சொன்னபடி நடக்காவிட்டால் தொழிற்சங்கம் அதை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. தொழிற்சங்கங்கள் உண்மையிலேயே இரண்டு ஆடை நிறுவனங்களை ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தின. இரண்டு வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. அவற்றில் ஒரு நிறுவனம் 23 இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது, அதில் பெரும்பங்கு ஆலைகளைச் செப்பனிடுவதற்கு. அந்த நிறுவனத்தின் ஆண்டு வருவாயோடு ஒப்பிட்டால் தொகை சிறியதுதான். ஆனால் கையெழுத்திட்ட மற்ற எல்லா நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் அந்தச் செய்தியைப் படித்திருக்கும். தீக்கதவுகள் பொருத்தப்பட்டன, பூட்டிக் கிடந்த வழிகள் திறந்தன, பாரம் தாங்காத தூண்கள் வலுப்படுத்தப்பட்டன. 2023இல் இதே மாதிரி பாகிஸ்தானுக்கும் விரிவடைந்தது. ஏறத்தாழ அதே வகை நிறுவனங்கள், அதே வகை ஆலைகள். கேட்பாரற்ற உறுதிமொழியின் இடத்தில் கேட்கக்கூடிய ஒப்பந்தம் வந்ததுதான் மாறியது.

நகரத் தலைவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களிடம் கணக்குக் கேட்பவர் நான்கைந்து ஆண்டுக்கொரு முறை வாக்குச்சாவடிக்கு வருகிறார். இந்த அச்சம்தான் பல மேயர்களைத் துணிவான முடிவிலிருந்து விலக்கி வைக்கிறது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே நகரத் தலைவராக இருந்த அன்னிகா பில்ஸ்ட்ரோம், வாகன நெரிசல் கட்டணம் (நகருக்குள் நுழையும், வெளியேறும் வாகனங்களுக்கான கட்டணம்) வராது என்று 2002 தேர்தலுக்கு முன் சொன்னவர். தேசிய அளவில் ஏற்பட்ட அரசியல் உடன்பாட்டால் அதைக் கொண்டுவர நேர்ந்தது. மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கட்டணம் ஒரேயடியாக நிரந்தரமாகத் திணிக்கப்படவில்லை. 2006 ஜனவரி தொடக்கத்திலிருந்து ஜூலை இறுதிவரை சோதனை ஓட்டமாக நடத்தி, நிறுத்திவிட்டு, செப்டம்பரில் பொது வாக்கெடுப்புக்கு விட்டார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் தம் கண்ணாலேயே பார்த்தார்கள். சோதனை முடிந்ததும் நெரிசல் திரும்பியதையும் பார்த்தார்கள். தொடக்கத்தில் எதிர்ப்பே மிகுந்திருந்த நகரத்தில், வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கட்டணம் வேண்டும் என்றார்கள்.

அதே நாளில் நடந்த தேர்தலில் பில்ஸ்ட்ரோமின் கட்சி நகர ஆட்சியை இழந்தது. அடுத்து வந்தவர்கள் கட்டணத்தை எதிர்த்தவர்கள்; ஆயினும் 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது, இன்றும் தொடர்கிறது. ஒரு தலைவர் தம் பதவிக்காலத்துக்குள்ளேயே முடிவை மக்கள் முன் வைத்து, தோற்றாலும் ஏற்பேன் என்று நின்றால், பதவி போன பிறகும் செயல் நிலைக்கிறது. வாக்கெடுப்பில் கலந்தாலோசிக்கப்படாத புறநகர் மக்களின் மனக்குறையை நான் மறக்கவில்லை; பல அண்டை ஊராட்சிகள் தாமே நடத்திய வாக்கெடுப்புகளில் பெரும்பான்மை எதிராகத்தான் இருந்தது. எல்லோரையும் நிறைவு செய்த முடிவு அது அல்ல, ஆனால் எல்லோர் கண்முன்னும் சோதிக்கப்பட்ட முடிவு.

என் கருத்துக்கு எதிராக நிற்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1987இல் மெர்க் மருந்து நிறுவனம், ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையை, தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவோம் என்று அறிவித்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, எந்த நடுவரும் இல்லை. அந்த நோய் வேகமாக ஓடும் ஆறுகளின் கரையில் வாழும் ஏழைகளைத் தாக்குவது. மாத்திரையை விலை கொடுத்து வாங்கக்கூடியவர்கள் அவர்கள் இல்லை. அப்போது தலைமைப் பொறுப்பில் இருந்த ராய் வேஜிலோசுக்குப் பின் பலர் அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார்கள், வாக்கு இன்னும் காப்பாற்றப்படுகிறது. 2013இல் கொலம்பியாவும், பின்னர் எக்குவடோர், மெக்சிகோ, குவாத்தமாலாவும், 2025இல் ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜரும் அந்த நோயை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

அப்படியானால் நல்லெண்ணமே போதுமா? அதே மருந்து கால்நடைகளுக்கு விற்கப்பட்டுப் பெரும் வருவாய் ஈட்டியதால் அந்தக் கொடையைத் தாங்கும் வலிமை நிறுவனத்துக்கு இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலும், மாத்திரை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஊர்மக்கள் தாமே தேர்ந்தெடுத்த விநியோகிப்பாளர்களால். எடைக் கருவி இல்லாத இடங்களில் உயரம் அளக்கும் கோலை வைத்து எத்தனை மாத்திரை என்று முடிவு செய்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் மாத்திரை வந்ததா, இல்லையா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க முடிந்தது. நின்றிருந்தால் அந்த ஆண்டே தெரிந்திருக்கும். ஆகவே இதுவும் முற்றிலும் கேட்பாரற்ற வாக்குறுதி அல்ல என்றே எண்ணுகிறேன். ஆனாலும் வேஜிலோசின் முடிவில் இருந்த மனிதநேயத்தை எந்த விதிமுறைக்குள்ளும் அடக்கிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓசோன் படலத்தின் கதையில் நிறுவனத்தின் சொந்த முடிவும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதியும் சந்திக்கின்றன. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்புக் குப்பிகளிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் அந்தப் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதியபோது தொழில்துறை எதிர்த்தது. மிகப் பெரிய உற்பத்தியாளரான டூபாண்ட், பன்னாட்டுக் கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவாக வரட்டும் என்ற நிலைக்கு 1986இல் வந்தது. 1987இல் மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. 1988 மார்ச்சில் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதாக டூபாண்ட் அறிவித்தது. மாற்றுப் பொருள் கைவசம் வந்துகொண்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததால், நல்லது செய்பவர் சந்தையில் நட்டப்படும் நிலை இல்லாமல் போனது. வளரும் நாடுகளின் செலவுக்கென 1990இல் தனி நிதியும் ஏற்படுத்தப்பட்டது. உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில் ஓசோன் 1980ஆம் ஆண்டு அளவுக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள்.

இன்று அதே முச்சந்தியில் நெகிழி நிற்கிறது. 2022 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, சட்டப்படி கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் ஒன்றை 2024 முடிவதற்குள் உருவாக்கத் தீர்மானித்தது. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேச்சுவார்த்தை உடன்பாடின்றி முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உற்பத்திக்கே வரம்பு கேட்கின்றன. எண்ணெய் வளமுள்ள சில நாடுகள் மறுக்கின்றன. இதற்கிடையே யூனிலீவர், நெஸ்லே, பெப்சிகோ உள்ளிட்ட பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் ஒரு கூட்டணி அமைத்து, தன்னார்வ முயற்சிகள் போதா, எல்லோருக்கும் பொதுவான கட்டாய விதிகள் வேண்டும் என்று தாமே கேட்கின்றன. அதே யூனிலீவர், 2025க்குள் புதிய நெகிழியின் பயன்பாட்டைப் பாதியாக்குவோம் என்ற தன் இலக்கை, 2026க்குள் 30 விழுக்காடு குறைப்போம் என்று 2024இல் தளர்த்திக்கொண்டது. தனியாக ஓடும் நிறுவனம் எங்கே களைத்துப்போகும் என்பது இதில் தெரிகிறது. அதனாலேயே அந்தக் கோரிக்கையை நான் வரவேற்கிறேன். ஆனால் இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் பல நாடுகளில் தொழில் சங்கங்களின் உறுப்பினர்களாகவும் இருக்கின்றன. எந்தெந்தச் சங்கத்துக்கு எவ்வளவு சந்தா கட்டுகின்றன, அச்சங்கங்கள் இந்தப் பேச்சுவார்த்தையில் உற்பத்தி வரம்பை ஆதரிக்கின்றனவா எதிர்க்கின்றனவா என்பதை அடுத்த சுற்றுக்கு முன் அவை பெயர் குறிப்பிட்டு வெளியிட வேண்டும். எதிர்க்கும் சங்கத்திலிருந்து விலக வேண்டும். அதற்கு 2050 வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றைய இயக்குநர் குழுவே அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம்.