முப்பது கஜத்துக்குள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செப்டம்பர் மாதம் எல்க் என்ற பெரிய மானுக்கான வில் வேட்டைக் காலம். நாற்பதை நெருங்கும் வயதில் இதில் இறங்க நினைக்கும் நண்பர்கள் அதற்குச் சில மாதங்கள் முன்பே என்னிடம் ஆலோசனை கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த வில் வாங்கலாம், எந்த முதுகுப்பை நல்லது என்றே பேச்சு ஆரம்பிக்கும். எத்தனை கஜத்துக்குள் எய்வேன், அதற்கு மேல் எய்யவே மாட்டேன் என்று முடிவெடுத்த பிறகு கடைக்குப் போங்கள் என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்லும் பதில்.

வயதைப் பற்றிய தயக்கம் தேவையில்லை. அமெரிக்காவின் நவீன வில் வேட்டைக்கு வழிகாட்டிய சாக்ஸ்டன் போப் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவர். யாஹி என்ற பழங்குடி இனத்தின் கடைசி மனிதரான இஷி 1911-இல் வெளியுலகுக்கு வந்த பிறகு, அவரிடம்தான் போப் வில்வித்தை கற்றார். அப்போது போப் முப்பதுகளின் நடுப்பகுதியைத் தாண்டியிருந்தார். இஷி 1916-இல் காசநோயால் இறந்தார். வளர்ந்த மனிதன் ஒருவன் இன்னொருவரின் அருகில் உட்கார்ந்து பொறுமையாகக் கற்றதில் கிளைத்த மரபு இது.

கவலை தருவது வேறொன்று. கப்பிகள் பொருத்திய இன்றைய காம்பவுண்ட் வில்லில் குறிபார்க்கும் கருவியும் நாணை விடுவிக்கும் விசையும் இருப்பதால், சமதளப் பயிற்சித் திடலில் சில மாதங்களிலேயே அறுபது கஜத்தில் அம்புகளை நெருக்கமாகச் செருகிவிட முடிகிறது. அந்தத் திறமை மலையில் அப்படியே கைகொடுக்காது. அம்பு நொடிக்கு ஏறத்தாழ 280 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது கஜம் என்பது 180 அடி. அதைக் கடக்க அரை நொடிக்கு மேல் ஆகும். நாணின் ஒலியோ நொடிக்குச் சுமார் 1,100 அடி வேகத்தில் முந்திக்கொண்டு மானை எட்டிவிடும். அம்பு வந்து சேர்வதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், நுரையீரலைக் குறிவைத்த முனை குடலில் பாயும்.

நுரையீரல் இரண்டையும் கூரிய முனை அறுத்தால் மான் மிக விரைவில் விழுந்துவிடும். குடலில் பாய்ந்தால் சாவதற்குப் பல மணி நேரம் ஆகும். உடனே பின்தொடர்ந்தால் அது எழுந்து இன்னும் தூரம் போய்விடும் என்பதால், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்கச் சொல்வார்கள் அனுபவசாலிகள். அப்படிக் காத்திருந்து தேடினாலும் எல்லா மான்களும் கிடைத்துவிடுவதில்லை. ஓர் உயிர் எங்கோ புதரில் வலியோடு கிடக்க, நாம் வீடு திரும்புவது எந்த விதத்திலும் நியாயமில்லை. அதனால் புதியவருக்கு முப்பது கஜம் போதும் என்கிறேன். அதுவும் மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும்.

முப்பது கஜத்துக்குள் நெருங்குவதில்தான் கலையே இருக்கிறது. எல்க்கின் கண்ணைக்கூட ஏய்க்கலாம், மூக்கை ஏய்க்க முடியாது. விடியலில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் விழுந்து மண் சூடேறியதும் திசை மாறி மேலேறும். மாலையில் மறுபடி இறங்கும். மாறுகிற வேளையில் ஒரு நிலையில் நிற்காமல் சுழலும். அப்போது நெருங்க முயல்வது வீண், உட்கார்ந்துவிட வேண்டும். மெல்லிய தூள் அடைத்த சிறு புட்டியை அழுத்தி, தூள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள் இங்குள்ளவர்கள். இணை தேடும் பருவம் என்பதால் ஆண் எல்க்குகளின் கூவல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். ஒலி வந்த பக்கம் ஓடத் தோன்றும். காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பவருக்கே வாய்ப்பு. இதைப் பயிற்சித் திடல் சொல்லித்தராது. வேட்டை தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே, வில் இல்லாமல், மலையேறிப் பழகுங்கள்.

இன்னொரு தூரமும் உண்டு: மான் விழும் இடத்துக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம். வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோ இருக்கும். எலும்பு நீக்கினாலும் ஏறத்தாழ நூறு கிலோ இறைச்சி. வனப்பாதுகாப்புப் பகுதிகளில் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. குதிரை இல்லையென்றால் முதுகுதான். பத்தாயிரம் அடி உயரத்தில், செப்டம்பர் வெயிலில், தோலை உடனே உரித்து நிழலில் தொங்கவிடாவிட்டால் இறைச்சி கெடும். உண்ணத்தக்க இறைச்சியை விட்டுவிட்டு வருவது இங்கே சட்டப்படி குற்றம். உங்கள் முதுகால் எத்தனை மைல் சுமக்க முடியுமோ அதற்குள்தான் வேட்டையாட வேண்டும்.

தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் இந்த வேட்டையே தவறு என்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த தலைமுறை நாம். இந்தியாவில் அந்தத் தடை நீடிக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். இங்கே ஏற்பாடு வேறு. துப்பாக்கிகள் மீதான வரியை 1937 முதல் வனஉயிர்களுக்காகவே ஒதுக்குகிறார்கள். அதே 1972-இல் வில், அம்புக் கருவிகளையும் அந்த வரிச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்குப் போன எல்க், இன்று கொலராடோவில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அந்த மீட்சியில் உரிமக் கட்டணத்துக்கும் இந்த வரிக்கும் பெரும் பங்கு உண்டு.

கொலராடோ அரசிடம் எனக்கு ஒரு குறை உண்டு. 1949 ஜனவரி 1 முதல் பிறந்த எவரும் பொதுவான வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்கிறது இந்த மாநிலம். வில்லுக்கெனத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கவில்லை. ஐடஹோவிலும் மொன்டானாவிலும் முதன்முறை வில் உரிமம் கேட்பவர் அந்தப் பயிற்சியை முடித்துக் காட்ட வேண்டும். செலவு கூடும், புதியவர்கள் தயங்குவார்கள் என்று மறுப்பார்கள். ஒரு வில்லுக்கு ஆயிரம் டாலர் கொடுக்கத் தயாராக இருப்பவர், எப்போது எய்யக் கூடாது என்று கற்க ஒரு வார இறுதியைக் கொடுக்கட்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த செப்டம்பரை மனதில் வைத்திருப்பவர்கள் இந்தக் குளிர்காலத்திலேயே அந்தப் பயிற்சியில் சேர்ந்துவிடுங்கள். குலுக்கல் முறையில் தரும் வேட்டை உரிமத்துக்கான விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும்.