'இங்கிலாந்தில் எங்கோ' என்று எழுதினால் இடம் தெரியாது என்று பொருளல்ல

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மே மாதம், ஓர் அமெரிக்கச் சிப்பாய் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி இங்கே பேச்சு நடக்கிறது. அதில் 'இங்கிலாந்தில் எங்கோ' என்று எழுதியிருப்பதால், தான் இருந்த இடமே அவனுக்குத் தெரியாது என்கிறார் ஒருவர். தபால் முத்திரைத் தேதி பிந்தியிருப்பதால் கடிதமே போலியாம். இரண்டும் தவறு.

ஊர், கப்பல், படைப்பிரிவு நகர்வு எதையும் எழுதக்கூடாது என்பது அன்றைய ராணுவத் தணிக்கை விதி. அதனால்தான் அந்த வாசகம் அக்காலக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவனுடைய பிரிவு அதிகாரியே படித்துவிட்டுத்தான் அனுப்புவார். தன் அதிகாரி படிப்பார் என்று தெரிந்தே அம்மாவுக்கு எழுதும் பிள்ளை வேறெப்படி எழுதுவான்? சாப்பாடு, மழை, தம்பியின் படிப்பு இவைதான் மிஞ்சும். அதைப் 'பாசமில்லாத கடிதம்' என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்.

முத்திரை விஷயம் இன்னும் எளிது. 1944 ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் தரையிறங்கின. அதற்கு முன் வீரர்களை முள்வேலி முகாம்களில் அடைத்துவைத்தார்கள். ரகசியம் கசியாதிருக்க அவர்களின் தபாலையும் நிறுத்திவைத்தார்கள். ஜூன் 6-க்கு முன் எழுதியது பிறகுதான் நகர்ந்தது.

உறையில் தபால்தலை இல்லையே என்று கேட்டவருக்கு: போர்க்காலத்தில், 1942 முதல், அமெரிக்க வீரர்கள் கடிதம் அனுப்புவது இலவசமாக இருந்தது. தபால்தலை ஒட்டும் மூலையில் 'Free' (இலவசம்) என்று கையால் எழுதினாலே போதுமாக இருந்தது.